கீரைப் பாட்டியின் ஊர்

பட்டணத்தில் வசிப்பவர்களுக்குக் கிராமத்தின் மேல் பிரியம் பொங்கி வருவதற்கென்று சில நேரங்கள் உண்டு. குழாயில் தண்ணீர் வராத காலை வேளை. பாக்கெட் பால் அடுப்பில் திரிந்துபோன நாள். மாடி வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்போதெல்லாம் நமக்கு ஒரு சொப்பனம் வரும். சின்னதாக ஒரு வீடு. வாசலில் ஒரு வேப்ப மரம். பின்புறம் கிணறு, துளசி மாடம், நாலு வாழை, ஒரு பசு. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை.

அந்த மலைக்குப் பலருடைய மனத்தில் திருவண்ணாமலையின் சாயல் இருப்பதில் ஆச்சரியமில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கே 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் லட்சக் கணக்கில் இருக்கிறார்கள். கால் கடுக்க மலையைச் சுற்றிவிட்டு, விடிகிற நேரத்தில் டீக்கடை பெஞ்சியில் உட்காரும்போது, "இங்கேயே ஒரு அரை கிரவுண்டு வாங்கிப் போட்டால் என்ன?" என்று கணவர் கேட்பார். "அதைத்தான் நானும் நினைத்தேன்" என்பாள் மனைவி. மற்ற விஷயங்களில் எல்லாம் எதிரும் புதிருமாக இருக்கும் தம்பதிகள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப் போய்விடுகிறார்கள்!

இப்படி ஒத்துப் போனவர்கள் எல்லாரும் வீடு கட்டினால் என்ன ஆகும்? கிராமத்தின் மேல் உள்ள ஆசையை ஊர்ப்புறத்துப் புது வீட்டில் உயிரோடு வைத்துக்கொள்ள முடியுமா? அல்லது நாம் போய் இறங்கிய இடத்திலிருந்து கிராமம் எழுந்து அப்பால் போய்விடுமா? இதைப் பார்த்து வரலாம் என்றுதான் திருவண்ணாமலைக்குப் பிரயாணமானேன்.

ஊர் முடிகிற இடம்

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் பஸ்ஸில் போகலாம். 2024-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷனில் ஏறினால் நேரே திருவண்ணாமலையில் இறக்கிவிடும் ரயிலும் ஓடுகிறது. எந்த வழியாகப் போனாலும் சரி, ஊர் வருவதற்கு வெகு முன்பே மலை வந்து நம்மை வரவேற்கிறது. சுமார் 2,670 அடி உயரம். ஒரு பக்கம் பார்த்தால் ஒற்றைக் கூம்பு. இன்னொரு பக்கம் பார்த்தால் தோளும் தொடையுமாக உட்கார்ந்திருக்கும் மனிதன் மாதிரி.

கோயிலைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்த 217 அடி ராஜகோபுரத்தைப் பதினொரு நிலையும் எண்ணிப் பார்த்துப் பரவசப்படாதவர்கள் கிடையாது. ஆனால் இன்று நமக்குக் காரியம் கோபுரத்தடியில் இல்லை. ஊர் முடிகிற இடத்தில்.

ஊர் எங்கே முடிகிறது? அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை! 1886-ல் நகராட்சியான ஊர் இது. 1989-ல் வடாற்காடு ஜில்லாவைப் பிரித்தபோது ஒரு தனி மாவட்டத்துக்குத் தலைநகராயிற்று. 2024-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால், வேலூர் சாலை. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலை. மலைக்கு மறுபுறத்து அடி அண்ணாமலை. எந்தப் பக்கம் போனாலும் "நகர்" என்ற பெயர்ப் பலகை ஒன்று நமக்கு முன்னால் போய் நிற்கிறது. அதற்கு அடுத்த வயலில் எல்லைக் கற்களுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள், அடுத்த நகருக்காக!

அப்படி ஒரு நகரில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவரும் அவரும் சென்னையை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முற்றத்தில் மாதுளை, கொல்லைப்புறத்தில் வாழை, மொட்டை மாடியில் வெண்டையும் தக்காளியும். கச்சிதமான வீடு. காப்பி கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"கிராமத்தைத் தேடித்தாம்மா வந்தோம். நாங்க வந்தப்போ வடக்கால மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையை இங்கே அப்படித்தான் சொல்லுவாங்க. தெற்கால கரும்பு. ராத்திரி படுத்தா தவளைச் சத்தம். இப்போ வடக்கால ஒரு மாடி வீடு, தெற்கால ஒரு மாடி வீடு. அவங்களும் எங்களை மாதிரியே கிராமத்தைத் தேடி வந்தவங்கதான். யாரைக் குத்தம் சொல்றது?"

ஜன்னலைத் திறந்து காட்டினார். பாதி மலை தெரிந்தது. மீதிப் பாதியை ஒரு தண்ணீர்த் தொட்டி மறைத்திருந்தது.

ஒரு கல்யாணப் பேச்சு

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் எபனேசர் ஹவர்டு என்று ஒருவர் இருந்தார். சட்டசபைப் பேச்சுக்களைச் சுருக்கெழுத்தில் எழுதிப் பிழைத்தவர். புகை மண்டிய லண்டனையும், பிழைப்பில்லாமல் காலியாகிக்கொண்டிருந்த நாட்டுப்புறத்தையும் பார்த்து, இந்த இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதை 1898-ல் ஒரு புத்தகமாக எழுதினார். வெறும் புத்தகத்தோடு விடாமல் 1903-ல் லெட்ச்வொர்த் என்ற இடத்தில் முதல் தோட்ட நகரத்தை உண்டாக்கவும் தொடங்கிவிட்டார்.

அந்த நகரத்து வீடுகளுக்குத் தோட்டம் உண்டு. ஆனால் ஹவர்டின் யோசனையில் முக்கியமானது வீட்டுத் தோட்டம் இல்லை. நகரத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டமாக வயலும் காடும் மேய்ச்சல் நிலமும் இருக்க வேண்டும். அதில் யாரும் வீடு கட்டக்கூடாது. அங்கே விளைவதை நகரத்தார் வாங்கி உண்ண வேண்டும் என்றார். பெண் வீடும் பிள்ளை வீடும் போக்குவரத்தோடு இருந்தால்தானே கல்யாணம் நிலைக்கும்? பெண்ணின் ஊரையே பிடுங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் கல்யாணமா?

பொதுவில் இருப்பதைப் பொதுவிலேயே வைத்து, அதோடு கொண்டு கொடுத்து வாழ வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கச் சீமையிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. திருவண்ணாமலையிலேயே ஒரு பாட்டி இருந்தாள்.

மலையே தோட்டம்

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற இளைஞர் 1896-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்ததும், பிறகு உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்ததும் எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம். மலை மேல் விரூபாக்ஷ குகையில் அவர் பல வருஷங்கள் வசித்தார். அந்த நாளில் குகை நமச்சிவாயர் கோயில் அருகே ஒரு மண்டபத்தில் ஒரு கிழவி குடியிருந்தாள். அவளுக்கு நிலம் இல்லை, பணம் இல்லை. காலையில் மலைச் சரிவில் அலைந்து கீரை பறித்து வருவாள். ஊருக்குள் போய் அரிசி, பருப்பு கேட்டு வாங்கி வருவாள். சமைத்து, முதலில் குகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். ரமணரும் சில சமயம் மலையில் கீரை பறித்து அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். ஊராருக்கு அவள் "கீரைப் பாட்டி". வேறு பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாண் நிலத்துக்குச் சொந்தக்காரியாக இல்லாத அவளுக்கு மலை முழுவதும் தோட்டமாக இருந்தது! எந்தச் சரிவில், எந்த மழைக்குப் பின், எந்தக் கீரை தழைக்கும் என்று தெரிந்தவளுக்கு வேலி எதற்கு?

1922-ல் ரமணரின் தாயார் அழகம்மாள் சித்தியடைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதி அமைந்தது. அதைச் சுற்றியே ஆசிரமம் வளர்ந்தது. கீரைப் பாட்டி அதைப் பார்க்க இல்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். 1926-ல் குடியாத்தம் பக்கத்து அன்பர் ஒருவர் ஒரு பசுவையும் கன்றையும் ஆசிரமத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். அப்போது ஆசிரமத்தில் தொழுவம் கிடையாது. ஆகவே ஊருக்குள் ஒருவர் வீட்டில் கட்டி வளர்த்தார்கள். அந்தக் கன்றுதான் லக்ஷ்மி. வளர்ந்த பிறகு தினம் காலையில் தானாகவே ஊரிலிருந்து நடந்து ஆசிரமத்துக்கு வரும். பகல் முழுவதும் இருந்துவிட்டுச் சாயங்காலம் தானாகவே வீட்டுக்குத் திரும்பும். வேலைக்குப் போய் வருகிற மாதிரி! பிறகு தொழுவமும் கட்டினார்கள். லக்ஷ்மி அங்கேயே தங்கிவிட்டது. 1948-ஆம் வருஷம் ஜூன் 18-ஆம் தேதி அது உயிர் நீத்தபோது ரமணர் பக்கத்தில் இருந்தார். இன்றும் ஆசிரமத்தில் லக்ஷ்மியின் சமாதியைப் பார்க்கலாம். அருகிலேயே ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் இருக்கின்றன.

கீரைப் பாட்டிதான் பசுவாகப் பிறந்து வந்தாள் என்று அடியார்கள் பலர் நம்பினார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. எனக்கு அதைவிட மனத்தில் நின்றது ஆசிரமத்துச் சமையலறை. பல வருஷங்கள் ரமணர் விடியுமுன் எழுந்து போய், மற்றவர்களோடு உட்கார்ந்து காய்கறி நறுக்கினார், சட்னி அரைத்தார், இலை தைத்தார். தரையில் சிந்திய அரிசியையும் கடுகையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். காய்கறித் தோல் பசுவுக்குப் போகும். குடியானவன் வீட்டு அடுக்களை மாதிரியே அந்த அடுக்களை நடந்தது. உலகமெங்குமிருந்து மனிதர்கள் வந்து கூடியபோதும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

கிராமம் என்பது ஓர் இடம் மட்டும் இல்லை. ஒரு பழக்கமும்கூட என்று அந்தத் தொழுவத்தருகே நின்றபோது தோன்றியது. இடத்தை விலைக்கு வாங்கிவிடலாம். பழக்கத்தை வாங்க முடியாது. தினம் செய்ய வேண்டும்.

"பாத்தி கீது"

அந்தப் பழக்கம் இன்றைய நகர்களில் இருக்கிறதா? இருக்கிறது. அது பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது.

காலை ஆறரை மணிக்கு ஒரு தெரு முனையில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, ஒரு ஓரத்தில் பொன்னாங்கண்ணி. வேரில் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"சொந்த நிலமா, பாட்டி?"

"சொந்தம் எங்கம்மா கீது? இருந்த கொல்லையை எம் மாமனார் காலத்துலயே வித்துட்டாங்க. இது ஏரிக்குக் கீழே வாரத்துக்குப் பண்றது. பத்துப் பாத்தி."

"எத்தனை நாளைக்கு இப்படிக் கூடை தூக்குவீங்க?"

பாட்டி சிரித்தாள். "இந்தத் தெருவுல இருபது வூட்டுக்காரங்க நம்மகிட்ட வாங்குறாங்க. அவங்க வாங்குற வரைக்கும் பாத்தி கீது. வாங்குறதை நிறுத்திட்டா நிலத்துக்காரரு மனை போட்டுடுவாரு. அம்புட்டுதான் கணக்கு."

பெரிய பொருளாதார நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பாட்டி இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்! ஊர்ப்புறத்து வீட்டுக்காரி ஒருத்தி தினம் வாங்கும் ஒரு கட்டுக் கீரைக்கும், ஏரிக்கரை ஓரத்து ஒரு பச்சைப் பாத்திக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. நூல் அறுந்தால் பாத்தி போய்விடும். மொட்டை மாடியில் பத்துத் தொட்டி வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் தொட்டியில் வெண்டைக்காய் காய்த்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கூடைக்காரப் பாட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டால், நாம் ஒரு தொட்டியைக் காப்பாற்றி ஒரு வயலை இழந்தவர்கள் ஆவோம்.

ஓய்வு பெற்ற அந்த ஆசிரியையும் இதைப் புரிந்துகொண்டவர்தான். காய்கறித் தோலையும் அரிசி களைந்த தண்ணீரையும் இரண்டு தெரு தள்ளி மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார். அந்த வீட்டுப் பால்தான் இவர் வீட்டுக் காப்பிக்கு. மார்கழி வந்தால் சாணமும் அங்கிருந்துதான். "கோலத்து நடுவுல சாணி உருண்டை வெச்சுப் பரங்கிப் பூ சொருகணுமே! அதுக்காகவே மதில் மேல பரங்கிக் கொடி ஏத்தி விட்டிருக்கேன். சாணிக்குப் பசு வேணும், பூவுக்குக் கொடி வேணும். கோலம்னா சும்மாவா?" என்றார்.

எனக்கு இது புது விஷயமாக இருந்தது. ஒரு கோலத்தைச் சரியாகப் போட வேண்டுமென்றால் தெருவில் ஒரு பசுவும் மதிலில் ஒரு கொடியும் உயிரோடு இருந்தாக வேண்டும். கோலம் போடத் தெரிந்த பெண்கள் இருக்கும் வரையில் கிராமத்துக்கு ஒரு காவல் இருக்கிறது.

ஆடி மாதத்தில் இந்த நகர்களிலும் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். கேழ்வரகு வாங்குகிறார்கள்; பெரிய பாத்திரத்தில் காய்ச்சுகிறார்கள்; வெளியூரிலிருந்து வந்து குடியேறிய வீட்டுக்காரர்களும் முருங்கைக்கீரைப் பொரியலோடு வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறார்கள். முதல் வருஷம் கூச்சப்பட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தவர்கள் மூன்றாவது வருஷம் துடுப்புப் பிடித்துக் கிண்டுகிறார்களாம்.

மலை கேட்ட கேள்வி

இதெல்லாம் தெருவுக்குள் நடக்கிற காரியங்கள். தெருவுக்கு மேலே மலை நிற்கிறதே, அதை யார் பார்த்துக்கொள்வது?

ரமணர் மலையில் வசித்த காலத்தில் அங்கே சிறுத்தைகூட நடமாடியதாக அவருடைய சரித்திரங்களில் படிக்கிறோம். அப்புறம் விறகுக்கு வெட்டியும், ஆடு மாடு மேய்ந்தும், கோடைதோறும் தீப்பிடித்தும் மரங்கள் போய், 1980-களில் மலை பெரும்பாலும் மொட்டைப் பாறையும் காய்ந்த புல்லுமாக நின்றது. மரம் இல்லாத சரிவில் மழை நிற்காது. மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மலையில் தண்ணீர் நின்றால்தான் அடிவாரத்துக் குளமும் கிணறும் ஊறும். வற்றாத ஆறு எதுவும் ஊரை ஒட்டி ஓடாத திருவண்ணாமலைக்கு இது உயிர்ப் பிரச்சினை.

1988-ல் சிலர் கூடி, மலையை மீண்டும் காடாக்குவதற்கென்றே "அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பிற்பாடு "தி ஃபாரஸ்ட் வே" என்ற அறக்கட்டளையும் இந்த வேலையில் இறங்கியது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் உள்ளூர்க் கிராமத்தாரும் சேர்ந்து இந்த மண்ணுக்கே உரிய மரங்களின் விதைகளைச் சேகரித்து நாற்றங்காலில் முளைக்க வைக்கிறார்கள். மழைக் காலத்தில் கன்றுகளைச் சுமந்து ஏறி நடுகிறார்கள். மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கியதும் சரிவில் நீளமாகப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். மாசி, பங்குனியில் எங்கேயாவது புகை தெரிந்தால் ஓடிப்போய்த் தழையால் அடித்து அணைக்கிறார்கள். முன்பு மொட்டையாக இருந்த சரிவுகள் பலவற்றில் இன்று நிழல் இருக்கிறது. "மருதம்" என்ற பண்ணைப் பள்ளிக் குழந்தைகளுக்கு இந்த மலையே ஒரு வகுப்பறை.

இந்த மலைக்கும் தனியாக ஒரு சொந்தக்காரர் இல்லை. அதை நேசிப்பவர்கள் அங்கே மனை கேட்கவில்லை, கன்று சுமக்கிறார்கள்.

மறு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2024-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி. ஃபெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்தது. அன்று சாயங்காலம் மலைச் சரிவில் இருக்கும் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டைப் புதைத்துவிட்டன. ஏழு பேர் இறந்து போனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அந்த வருஷம் தீபத்தன்று மலை ஏறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லாமல் போயிற்று.

சரிவில் குடியிருப்பவர்கள் பலர் அழகான காட்சி வேண்டுமென்று அங்கே போனவர்கள் இல்லை. சமதளத்தில் ஒரு சென்ட் வாங்கவும் சக்தி இல்லாதவர்கள். வெளியூர்க்காரர்களாகிய நாம் மலை தெரியும் மனைக்குப் போட்டி போட்டுக்கொண்டு விலையை ஏற்றுகிறோம். விலை ஏற ஏற, இல்லாதவர்கள் மலை மேல் ஏறுகிறார்கள். நம்முடைய ஆசைக்கும் அந்தச் சரிவுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிக்கொண்டு தூங்க என்னால் முடியவில்லை.

சுவாமியே போய் வருகிறார்

கனத்த மனத்தோடு கோயிலுக்குப் போனேன். தல விருட்சமான மகிழ மரத்தைச் சுற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, கோயில் திருவிழாக்களைப் பற்றி ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் திரும்பி வந்தது.

அண்ணாமலையார் இருப்பது நட்ட நடு நகரத்தில். ஆனால் தை பிறந்துவிட்டால் அவருக்கு நகரத்தில் இருப்புக் கொள்வதில்லை! மாட்டுப் பொங்கலன்று பெரிய நந்திக்குக் காய்கறியாலும் பழத்தாலும் பட்சணத்தாலும் மாலை கட்டிப் போட்டு, சுவாமி வந்து காட்சி கொடுக்கிறார். அன்றே திருவூடல். அம்மனோடு பிணக்கு வந்து, அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிட, சுவாமி மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம் ஆகிறது. வீட்டில் சண்டை போடும் கணவன்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம்!

அப்புறம் தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டைக்குப் போகிறார். ரத சப்தமிக்குக் கலசபாக்கத்துச் செய்யாற்றுக்குப் போகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாபட்டுக்குப் போகிறார். அங்கே போவது வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்க. பிள்ளையில்லாத அந்த ராஜாவுக்குச் சுவாமியே பிள்ளையாக இருந்து கர்மம் செய்வதாக ஐதீகம். வழியெல்லாம் கிராமத்து ஜனங்கள் வாசல் தெளித்துக் கோலமிட்டுக் காத்திருக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுகிற உரிமை மீனவ குலமான பர்வதராஜ குலத்தாருக்கு. அந்தத் திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தையும் கூடுகிறது.

ஆறு, வயல், மாடு, தொழில் செய்யும் ஜனம், யாரோடும் உறவு விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள நம் பெரியவர்கள் சுவாமியையே நடக்க வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் சில நாளாவது சுவாமி தம்முடைய ஊரை விட்டுப் புறப்பட்டு, ஆற்றங்கரைக்குத் தாமே போகிறார். ஆற்றைக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிடவில்லை.

நம் வீட்டுக்கு நாலு காரியம்

இதைப் படிக்கும் சகோதரிகளில் தாம்பரத்தில் இருப்பவர்கள் உண்டு. ஆவடியில், திருநகரில், துடியலூரில் இருப்பவர்கள் உண்டு. எல்லாருடைய நகருக்கு அடியிலும் ஒரு கொல்லை உறங்குகிறது. அதைத் தட்டி எழுப்பப் பெரிய சொத்து வேண்டாம்.

உங்கள் தெருவுக்கு எந்த ஏரி இருந்தது, அதற்கு வாய்க்கால் எந்த வழியாக வந்தது என்று பழைய குடிகள் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரிந்த ஏரியில் குப்பை கொட்ட மனம் வராது. மாடியில் விழும் மழைத் தண்ணீரைத் தரைக்குள் இறக்க வேண்டும் என்று 2003-லேயே அரசாங்கம் கட்டாயமாக்கிவிட்டது; உங்கள் வீட்டுக் குழாய் இன்னமும் குழிக்குள் போகிறதா, அல்லது தெருவில் கொட்டுகிறதா என்று இந்த ஐப்பசிக்குள் ஒரு நடை பாருங்கள். காய்கறித் தோல் போய்ச் சேர ஒரு மாட்டையோ, ஒரு மண் குழியையோ கண்டுபிடியுங்கள். குழந்தைகளை வருஷத்துக்கு ஒரு முறையாவது ஓர் அறுவடைக்கோ சந்தைக்கோ அழைத்துப் போங்கள். வேர்க்கடலை மண்ணுக்குள் காய்க்கிறது என்று பார்த்த குழந்தை அதை ஆயுளுக்கும் மறக்காது.

அடிவாரத்தில் மனை வாங்கலாமா என்று தம்பதி சமேதராக யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்மானிப்பதற்கு முன் நாலு பௌர்ணமி பொறுங்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் வந்துவிட்டு, விடிகாலையில் ஒரு கூடைக்காரப் பாட்டியிடம் ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். வீட்டுக்குப் போய் வேரில் உள்ள மண்ணைத் துளசிச் செடியிலேயே கழுவி ஊற்றுங்கள். திருவண்ணாமலை மண் உங்கள் வீட்டுக்கு வந்தாயிற்று!

ஒன்று மட்டும். பாட்டியிடம் பேரம் பேசாதீர்கள். அரை கிரவுண்டு விலையோடு ஒப்பிட்டால் கீரைக் கட்டு வெகு சல்லிசு.